நண்பருக்கு ரோடு பைக்கைத் தயார் செய்வது: கோத்தகிரி ஏற்றத்துக்கு என்ன கியர், என்ன அளவு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறீர்கள். சென்னை நண்பர் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார். வீட்டில் சும்மா நிற்கும் உங்கள் இரண்டாவது ரோடு பைக்கை அவருக்குக் கொடுத்து, இருவருமாகக் கோத்தகிரி ஏறத் திட்டம். பைக் 56 சைஸ். ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட், முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரம் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28), கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 172.5 மி.மீ., ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பைக்கோடு இணைக்கும் துண்டு) 110 மி.மீ., ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது). உங்கள் உயரம் 178 செ.மீ.; அவர் 170 செ.மீ., எடை 75 கிலோ, சென்னையில் ஓட்டுவது 54 சைஸ். ஈ.சி.ஆரில் வாராவாரம் ஓட்டுகிறவர் என்பதால் "28 பல்லே போதும்" என்று சொல்லிவிட்டார். சீட்டை இறக்கிக் கொடுத்தால் போதுமா, கியரையும் மாற்ற வேண்டுமா என்பது கேள்வி.

கியரையும் மாற்றுங்கள். சீட்டை இறக்கினால் மட்டும் போதாது, ஆனால் அதற்கு மேல் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஒரே விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: அவர் உடம்பு ஏற்கெனவே அவருடைய பைக்குக்குப் பழகியிருக்கிறது. அந்த அளவுகளை உங்கள் பைக்கில் அப்படியே கொண்டுவாருங்கள். "இந்த உட்காரும் முறை இன்னும் நன்றாக இருக்குமே" என்று திருத்தப் போகாதீர்கள். மூன்று மணி நேர மலையேற்றத்துக்கு முந்தைய நாள் ஒருவருடைய சீட்டை மேம்படுத்துவது அவர் முட்டிக்குச் செய்கிற கெடுதல். கியர் மட்டும் விதிவிலக்கு. அதில் அவர் கேட்பதைவிட இலகுவாகவே கொடுங்கள்.

கியரை முதலில் பார்ப்போம். அதற்குத்தான் சாமான் வாங்க வேண்டியிருக்கும், அதுவும் கோயம்புத்தூர் போய்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி 1,793 மீட்டர். இடையில் சுமார் 33 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சராசரிச் சரிவு 4.5 சதவீதம் வரும். நண்பர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் 28 போதும் என்கிறார் என்று நினைக்கிறேன். சராசரிக்கு அது போதும்தான், அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பவானிப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறக்குறைய சமதளம், நடுவில் அங்கங்கே மூச்சு விட இடம் உண்டு. அதையெல்லாம் கழித்தால் மிச்சச் சாலை சராசரியைவிடச் செங்குத்து என்றுதான் அர்த்தம். கால் கழலுவது அந்த 7, 8 சதவீதத் துண்டுகளில்.

ஈ.சி.ஆரில் காற்றில்லாத நாளில் தனியாக 28, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவர் சுமார் 140 முதல் 160 வாட் போடுகிறார். 150 என்று வைத்துக்கொள்வோம். ஆள் 75 கிலோ. பைக், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 10 கிலோ. இதே 150 வாட்டோடு 8 சதவீத ஏற்றத்தில் அவர் போகக்கூடிய வேகம் மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த வேகத்தில் 34/28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) பெடல் நிமிடத்துக்கு 48 சுற்றுதான் சுற்றும். 34/32 போட்டால் 54. 34/34 போட்டால் 58. சமதளத்தில் 85, 90 சுற்று சுற்றிப் பழகின காலுக்கு 48 என்பது ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுகிற மாதிரி இருக்கும். சுற்று குறையக் குறைய, அதே வாட்டுக்கு ஒவ்வொரு மிதியிலும் அதிக பலம் போட வேண்டும். 48-க்கும் 58-க்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 20 சதவீதப் பலம். முதல் ஐந்து கிலோமீட்டரில் இது தெரியாது. கோத்தகிரிக்குச் சற்று முன்னால் அரவேணு வரும்போது தெரியும்.

வேறு மாதிரியும் சொல்லலாம். அதே 8 சதவீதத்தில் 34/28 போட்டு வசதியாக 70 சுற்று சுற்ற வேண்டுமென்றால் 220 வாட் வேண்டும். 34/34 என்றால் 180 போதும். 34 பல் என்பது சொகுசு கியர் இல்லை, அவருடைய பலத்துக்குச் சரியாக இருக்கும், அவ்வளவே. நண்பர் கௌரவம் பார்த்தால் இந்த எண்களைக் காட்டுங்கள். சமதளத்தில் எதிர்ப்பது காற்று. எடை அங்கே பெரிய விஷயமில்லை. மலையில் எடைதான் எல்லாம். ஈ.சி.ஆரில் அவரோடு ஓட்டுகிற 60 கிலோ ஆள் கோத்தகிரி சாலையில் அதே 28 பல்லோடு நிம்மதியாக ஏறிவிடுவார்.

ஆகவே 11-34 கேசட் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு). வாங்குவதற்கு முன்னால் பின் டீரெய்லரை, அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவியை, பாருங்கள். ஆர்7000-இல் இரண்டு வகை உண்டு. கூண்டு (இரண்டு சின்னப் புல்லிகளைத் தாங்கும் பகுதி) குட்டையாக உள்ளது எஸ்.எஸ்., நீளமாக உள்ளது ஜி.எஸ். பெரும்பாலும் கூண்டின் உள்பக்கம் பொறித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். எஸ்.எஸ். அதிகபட்சம் 30 பல்தான் தாங்கும். ஜி.எஸ். 34 வரை தாங்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது: முன்பல் வித்தியாசமும் பின்பல் வித்தியாசமும் கூட்டினால் வருகிற எண்ணுக்கு டீரெய்லர் ஈடுகொடுக்க வேண்டும். 50-இலிருந்து 34 போனால் 16, 34-இலிருந்து 11 போனால் 23, மொத்தம் 39. ஜி.எஸ்.-இன் கொள்ளளவு சரியாக 39. எஸ்.எஸ்.-க்கு 35.

உங்களுடையது 11-28 கேசட்டோடு வந்த பைக் என்பதால் எஸ்.எஸ். ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் மூன்று வழி. ஒன்று, 11-30 போடுவது. சுற்று 48-இலிருந்து 51 ஆகும், பெரிய பிரயோஜனம் இல்லை. இரண்டாவது, பி-ஸ்குரூவை (டீரெய்லருக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றும் திருகு) முழுக்கத் திருகி 32 பல்லை எப்படியோ ஓட வைப்பது. சில பைக்குகளில் இது ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஹேங்கரின் (ஃபிரேமில் டீரெய்லர் தொங்கும் துண்டு) நீளத்தைப் பொறுத்தது, கம்பெனி சொன்ன எல்லைக்கு வெளியே போவது. உங்கள் சொந்தப் பைக்கில் நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். வந்த விருந்தாளியை அதில் ஏற்றி மலைக்கு அனுப்ப வேண்டாம். மூன்றாவது, ஜி.எஸ். டீரெய்லர் வாங்கிப் போடுவது. செலவுதான், ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன். மேட்டுப்பாளையத்தில் வசிக்கிறவருடைய பைக்கில் நீளக் கூண்டு டீரெய்லர் என்றைக்கும் வீண் போகாது. முன் கிராங்கை 46/30-ஆக மாற்றுவதும் உண்டு. அது இன்னும் செலவு, முன் டீரெய்லரையும் கீழே இறக்க வேண்டும். ஒரு வாரக் கடைசிக்கு அவ்வளவு வேண்டாம்.

11-34 கேசட்டில் ஒரு சின்ன விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 105 வரிசையில் கிடைக்கும் 11-ஸ்பீடு 11-34 கேசட், மற்ற 11-ஸ்பீடு ரோடு கேசட்டுகளைவிட அகலம் குறைவானது. பழைய 10-ஸ்பீடு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுப்பகுதி, கேசட் ஏறும் இடம்) ஏறும்படி செய்திருக்கிறார்கள். உங்கள் சக்கரத்தில் இருப்பது 11-ஸ்பீடு ரோடு ஹப். எனவே கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் வளையம் ஒன்று முதலில் போக வேண்டும். பார்க்க வாஷர் மாதிரி இருக்கும். பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போடாமல் விட்டால் லாக்ரிங் (கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் வெளி வளையம்) முழுக்க இறுகின மாதிரியே இருக்கும், ஆனால் கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடும். அப்புறம் எவ்வளவு கியர் டியூன் செய்தாலும் நிற்காது. இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் நீளமான ஸ்பேனரால் நல்ல பலம் கொடுத்து இறுக்க வேண்டும். கடைசியில் லாக்ரிங் கடகடவென்று பல் விழுகிற சத்தம் வரும், அது சரியான சத்தம்தான்.

செயினும் புதிது வேண்டும். இரண்டு காரணம். 28 பல்லுக்கு வெட்டின செயின் 34-க்குக் குட்டை. முன்னால் 50, பின்னால் 34 என்று யாராவது தெரியாமல் போட்டால், குட்டைச் செயின் டீரெய்லரை முன்னால் இழுத்து ஹேங்கரோடு பிய்த்துவிடும். "பெரிசுக்குப் பெரிசு போடாதே" என்று நண்பரிடம் சொல்லி வைப்பது பாதுகாப்பு ஆகாது. மூச்சிரைக்க ஏறும்போது எந்தக் கியரில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, தேய்ந்த செயின் புதுக் கேசட்டில் பல் தாண்டும், அதுவும் எழுந்து நின்று மிதிக்கும்போது. 11-ஸ்பீடு செயினுக்குத் தேய்மான அளவுகோலில் 0.5 வந்தாலே மாற்ற வேண்டிய நேரம்.

நீளம் எடுக்க, புதுச் செயினை டீரெய்லர் வழியாகக் கோக்காமல் முன்னால் 50-இலும் பின்னால் 34-இலும் நேரடியாகச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனையும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி, அதாவது ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குவிக் லிங்க் போடுவதாக இருந்தால் அதுவும் ஒரு வெளிக்கண்ணிதான் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை எண்ணுங்கள்.

இனி டியூனிங். வரிசையை மாற்றாமல் செய்தால் நேரம் மிச்சம். முதலில் ஹெச் ஸ்குரூ, டீரெய்லர் வெளிப்பக்கம் போகும் எல்லை: 11 பல்லின் நேர் கீழே மேல் புல்லி நிற்க வேண்டும். அடுத்து எல் ஸ்குரூ, உள்பக்க எல்லை: டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். 34 பல்லின் நேர் கீழே நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட ஸ்போக்ஸ் பக்கம் போகக் கூடாது. இந்த ஒரு ஸ்குரூவில் தாராளம் காட்டாதீர்கள். ஏற்றத்தில் கடைசி கியரைத் தேடி லீவரை அமுக்குகிற நேரத்தில்தான் செயின் கேசட்டைத் தாண்டி ஸ்போக்ஸில் விழும். பின்சக்கரமும் டீரெய்லரும் சேர்ந்து போகும், ஆளும் விழுவார். அப்புறம் பி-ஸ்குரூ: செயின் 34-இல் இருக்கும்போது, மேல் புல்லிக்கும் அந்தப் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 5 நம்பர் ஆலன் கீ அங்கே உரசாமல் நுழைந்தால் சரி.

கேபிள் இழுவிசை கடைசியில். செயினை 11-இல் விட்டு ஒரு கிளிக் கொடுங்கள். 13-க்கு ஏற வேண்டும். ஏறத் தயங்கினால் பின்னாலிருந்து பார்த்தபடி பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுவிசையை மாற்றும் உருளைத் திருகு) இடஞ்சுழியாகக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். 13-இல் ஓடும்போது அடுத்த பல்லை உரசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தால் கால் சுற்றுப் பின்னால் வாருங்கள். ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டும் சரியாக வந்து, நடுவில் மட்டும் ஏதோ இரண்டு கியரில் சத்தம் நிற்கவே இல்லையென்றால் கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹேங்கர் வளைந்திருக்கும். எப்போதோ வலது பக்கம் சாய்ந்து விழுந்த பைக்கில் இது சகஜம். நிமிர்த்துகிற கருவி உள்ள கடையில் சில நிமிட வேலைதான்.

11-34-இல் பற்கள் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டாகத் தாவும். சமதளத்தில் கூட்டமாக ஓட்டும்போது நடுவில் ஒரு கியர் காணாமல் போன மாதிரி அவருக்குத் தோன்றும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலையில் அது தொந்தரவே இல்லை.

சரி, உட்காரும் அளவுகள்.

நண்பரிடம் இன்றைக்கே போனில் கேளுங்கள், டேப்பை வைத்துப் போட்டோ எடுத்தே அனுப்பச் சொல்லுங்கள். கிராங்க் நடுப்புள்ளியிலிருந்து சீட் டியூபின் வழியே சீட்டின் மேல்பரப்பு வரை எவ்வளவு. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை எவ்வளவு. சீட் மூக்கிலிருந்து நூலில் நட் கட்டித் தொங்கவிட்டால் அந்த நூல் கிராங்க் நடுவுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது. சீட்டைவிட ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வு. கிராங்க் நீளம் என்ன. அது கிராங்க் கையின் உள்பக்கம் பொறித்திருக்கும். இவை போதும்.

கூடவே, அவருடைய பெடலையும் சீட்டையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரயிலில் பைக்கைக் கட்டித் தூக்கி வருவதோடு ஒப்பிட்டால் அது ஒரு சுமையே இல்லை. பெடல் எதற்கென்றால், ஷூவின் கிளீட் (அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு) மூன்று ஓட்டை வகையா இரண்டு ஓட்டை வகையா என்பதில் ஆரம்பித்து எல்லாம் மாறும். பெடல் மரை எல்லா ரோடு பைக்கிலும் ஒரே அளவு, 9/16 அங்குலம். சீட் எதற்கென்றால், மேலே சொன்ன அளவுகள் பாதி சீட் மூக்கிலிருந்து எடுப்பவை; சீட்டே வேறு நீளம் என்றால் அந்த எண்கள் பொய் சொல்லும். மற்ற காரணத்தை மூன்று மணி நேரம் வேறொருவர் சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: உங்கள் சீட் போஸ்டின் கிளாம்ப் 7 மி.மீ. வட்டக் கம்பிக்கானதாக இருக்கும். அவர் சீட்டில் கார்பன் கம்பி இருந்தால் அது முட்டை வடிவம், 7-க்கு 9. அது உங்கள் கிளாம்ப்பில் சரியாக உட்காராது, வற்புறுத்தி இறுக்கினால் விரிசல் விடும்.

உதாரணத்துக்கு அவருடைய சீட் உயரம் 71 செ.மீ., கிராங்க் 170 என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிராங்க் 172.5. பெடல் அடியில் இருக்கும்போது கால் நீளுகிற தூரம்தான் மாறாமல் இருக்க வேண்டும். எனவே சீட்டை 71-க்கு வைக்காமல் 70.75-க்கு வையுங்கள். இரண்டரை மி.மீ.-தானே என்று தோன்றும். நீளமான கிராங்கால் மேலே வரும்போது முட்டி ஏற்கெனவே வழக்கத்தைவிட அதிகம் மடங்குகிறது, கீழேயும் சேர்த்து இழுக்க வேண்டாமே.

அளவு கிடைக்காவிட்டால், செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்து, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். இது ஆரம்பப் புள்ளிதான். பிறகு பைக்கில் உட்கார வைத்துக் குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு நூல் தாழ்வாகவே இருக்கட்டும். உயரமான சீட்டில் இடுப்பு ஆடி ஆடி ஏறுவது, தாழ்ந்த சீட்டைவிடச் சீக்கிரம் வலியைக் கொண்டுவரும்.

உங்கள் சீட் உயரம் சுமார் 75 என்று வைத்தால், அவருக்காக 4 செ.மீ. இறங்குகிறது. சீட் டியூப் செங்குத்தாக இல்லை, 73 டிகிரி வாக்கில் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஆகவே 4 செ.மீ. கீழே போகும் சீட் கூடவே 12 மி.மீ. முன்னாலும் வந்துவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் அவர் பெடலுக்கு மேலே தொங்கினாற்போல் உட்கார்வார், கைக்கு எடை போகும். நூல் கட்டின அளவை வைத்துச் சீட்டைக் கம்பியின் மேல் பின்னால் தள்ளி, அவருடைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

இங்கேதான் பலரும் எதிர்த் திசையில் போகிறார்கள். 56 சைஸ் ஃபிரேம் அவருக்கு நீளம். ஹேண்டில் எட்டவில்லை என்றதும் சீட்டை முன்னால் இழுத்துவிடுகிறார்கள். சீட்டின் முன்பின் இடம் காலுக்கானது. கை எட்டுவதற்குத்தான் ஸ்டெம் இருக்கிறது. சீட்டைச் சரியான இடத்தில் வைத்த பிறகு மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை அளந்து பாருங்கள். அவர் பைக்கில் 53, இங்கே 55 என்று வந்தால் 110-க்குப் பதில் 90 மி.மீ. ஸ்டெம் போட வேண்டும், வேறு யோசனை தேவையில்லை. ஹேண்டில் பிடிக்கும் இடம் 31.8, போர்க் தண்டு (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் மேல்தண்டு) 28.6 மி.மீ. என்பது இன்றைய பெரும்பாலான ரோடு பைக்குகளின் பொது அளவு. வாங்கும் முன் உங்களுடையதில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண அலுமினியம் ஸ்டெம் போதும்.

ஹேண்டிலை உயர்த்த வேண்டுமா என்றால், அநேகமாக வேண்டியிருக்காது. சீட் இறங்கிவிட்டதால் ஹேண்டில் தானாகவே ஒப்பளவில் உயர்ந்துவிட்டது. அவர் அனுப்பின கடைசி அளவோடு ஒத்துப்பார்த்து ஸ்பேசரை மேலே கீழே மாற்றினால் போதும். போர்க் தண்டை வெட்டுகிற யோசனை யார் சொன்னாலும் வேண்டாம்.

ஸ்டெம்மைத் திரும்பப் போடும்போது மேல் மூடி போல்ட்டை முதலில் இறுக்கி ஹெட்செட் (போர்க் திரும்பும் பேரிங்) ஆட்டத்தை எடுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசைத்தால் டொக் டொக் என்று வரக் கூடாது. ஹேண்டில் தடையில்லாமல் திரும்பவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு போல்ட்டுகள். அவற்றை ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு, வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹேண்டில் சரியான நேரில் இருக்கிறதா என்று முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னாடி ஒன்று பார்த்துவிடுங்கள்: ஃபிரேமின் மேல் குழாய் நடுவில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அவர் ஷூ போட்டுக் கவட்டில் வைத்து நின்றால் இரண்டு செ.மீ.-ஆவது இடைவெளி வேண்டும். மலைச் சாலையில் சட்டென்று கால் ஊன்ற வேண்டியிருக்கும். இடிக்கிறது என்றால் அந்தப் பைக்கைத் தர வேண்டாம். கோயம்புத்தூரில் 54 சைஸ் வாடகைக்கோ இரவலாகவோ தேடுவதுதான் சரி. நீங்கள் சொன்ன உயரங்களுக்கு, சாய்ந்த மேல்குழாய் உள்ள பைக் என்றால் பெரும்பாலும் தேறிவிடும்.

பெடல் மாட்டும்போது இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழம்பினால் ஒரே விதி: ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்போது அதை முன்சக்கரம் பக்கம் திருப்பினால் இரண்டு பெடலுமே இறுகும். மரையில் கிரீஸ் தடவிவிடுங்கள். திரும்பக் கழற்றப்போவது நீங்கள்தான்.

பிரேக்கைப் பற்றிக் கட்டாயம் பேசிவையுங்கள். நம்மூர் சைக்கிளில் வலது கை முன்பிரேக் என்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த சில ரோடு பைக்குகளில் இடது கை முன்பிரேக். நண்பருடைய பைக்கில் எது, உங்களுடையதில் எது? வேறுபட்டால், ரிம் பிரேக் என்பதால் கேபிளை மாற்றிப் போட்டுவிடுங்கள். சொல்லி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது கை தன் பழக்கத்தைத்தான் செய்யும், நீங்கள் சொன்னதைச் செய்யாது. பிரேக் ஷூவில் பள்ளம் மிச்சமிருக்கிறதா, ரப்பரில் அலுமினியத் துணுக்கு குத்தியிருக்கிறதா பாருங்கள், குத்தூசியால் எடுத்துவிடலாம். சக்கரம் கார்பன் ரிம்மாக இருந்தால் இந்தப் பயணத்துக்கு அலுமினியம் ரிம்முக்கு மாற்றுங்கள், ரிம் பிரேக்கும் நீண்ட இறக்கமும் சேர்ந்தால் கார்பன் ரிம் சூடாகிக் கெட்டுப்போகும். நண்பருக்குச் சின்னக் கை என்றால் லீவர் எட்டும் தூரத்தைக் குறைக்கிற ஸ்குரூ 105 லீவரில் உண்டு. குறைத்த பிறகு முழு பலத்தோடு பிடித்துப் பாருங்கள், லீவர் ஹேண்டிலைத் தொடக் கூடாது.

டயர் காற்று: 25 டயர் என்றால் அவர் எடைக்கு முன்னால் 80, பின்னால் 85 பி.எஸ்.ஐ. வாக்கில். 28 என்றால் இரண்டிலும் பத்துப் பத்துக் குறையுங்கள். நூறு, நூற்றிருபது அடித்துக் கல்லாக வைப்பதால் வேகம் கூடாது, ஈர வளைவில் பிடிப்புதான் குறையும்.

அவர் வந்து இறங்கிய அன்றே ஏற வேண்டாம். காலையில் வருகிறார் என்றால், அன்று கல்லாறு பக்கம் நிதானமாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். லேசாக ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவரை எல்லாக் கியரையும் மிதியில் பலம் வைத்து மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் பூ மாதிரி மாறின கியர் பளுவில் தடுமாறலாம். எல் ஸ்குரூவும் கேபிளும் அங்கேதான் உண்மையில் சோதனைக்கு வரும். 4, 5 ஆலன் கீயும் உங்கள் பையில் இருக்கட்டும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் உயரம் என்று எடுத்துக்கொண்டு 3 மி.மீ. மாற்றிப் பாருங்கள். அதற்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கேபிளை இப்போதுதான் மறுபடி பொருத்தி இறுக்கியிருப்பதால் இந்தச் சுற்றுக்குப் பிறகு அது கொஞ்சம் தளரும். பேரலில் கால் சுற்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஏறுகிற நாள் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு புறப்படுங்கள். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழக் காலத்தில் அதிகம். உங்களுக்குத் தெரிந்ததுதான், சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டும். கோடை சீசனில் ஊட்டி போகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் எதிரே வருகிற வண்டி அதிகமாக இருக்கும். இறக்கத்துக்கு அவருக்கு ஒரு மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கொடுங்கள். வியர்த்த உடம்போடு கோத்தகிரியிலிருந்து இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஆரம்பிக்கும் முன் உங்கள் அளவுகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சீட் போஸ்டில் உங்கள் உயரத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், சீட் கம்பியில் கிளாம்ப் இருந்த இடத்தில் ஒரு மார்க்கர் கோடு, ஸ்பேசர் அடுக்கின் ஒரு போட்டோ போதும். நண்பர் போன பிறகு சீட், ஸ்டெம், பெடல் திரும்பப் போடுவது அரை மணி நேர வேலை. கேசட்டையும் டீரெய்லரையும் அப்படியே விட்டுவிடலாம். சமதள ஓட்டத்துக்கு 28 கேசட்டே வேண்டும் என்று தோன்றினால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; ஜி.எஸ். டீரெய்லர் 28 பல்லையும் ஏற்கும். நீளச் செயினை வெட்டவும் வேண்டாம், பி-ஸ்குரூவை மட்டும் சற்றுத் தளர்த்தினால் போதும். ஸ்பேசர் வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் 28 கேசட்டை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் லாக்ரிங்குக்கு மரை எட்டாது. அந்த வளையத்தை 34 கேசட்டோடு சேர்த்தே ஒரு நூலில் கோத்து வையுங்கள்.